இரண்டு விசைகள் குறைந்தன. வேலை நேரம் கூடியது!

முதலில் ஒரு புதிர். ஒரு வேலையைச் செய்வதற்குத் தட்ட வேண்டிய விசைகளில் இரண்டைக் குறைத்துவிட்டார்கள். ஒன்றைப் புதிதாகச் சேர்த்தார்கள். கூட்டிக் கழித்தால் ஒரு விசை மிச்சம். அப்படியானால் வேலை விரைவாக முடிய வேண்டும் அல்லவா? முடியவில்லை. முன்பைவிடத் தாமதமாகவே முடிந்தது! வேலை செய்தவர்கள் கற்றுக்குட்டிகள் அல்லர், அத்தொழிலில் கைதேர்ந்தவர்கள்.

இது கதையன்று. 1980ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் அமெரிக்காவில் நடந்தது. இப்புதிருக்கு விடை காணும்போது, கணிப்பொறியின் திரையையும் விசைப்பலகையையும் வல்லுநர்களுக்காக மாற்றி அமைப்பது ஏன் அவ்வளவு கடினம் என்பதும் விளங்கும்.

ட்ரங்க் கால் நாட்கள்

வெளியூருக்குப் பேச வேண்டுமானால் ஒரு காலத்தில் ‘ட்ரங்க் கால்’ பதிவு செய்ய வேண்டியிருந்தது. உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டால் சொல்வார்கள். தொலைபேசி நிலையத்தில் ஓர் ஆபரேட்டர் இருப்பார். யாருக்குப் பேச வேண்டும், எந்த எண் என்பதை அவரிடம் சொன்னால் அவர் இணைப்புக் கொடுப்பார். குறிப்பிட்ட ஒருவர் வந்து பேசினால்தான் கட்டணம் என்ற ‘பி.பி. கால்’ முறையும் உண்டு.

அமெரிக்காவிலும் இத்தகைய ஆபரேட்டர்கள் இருந்தனர். அந்நாட்டின் பெரும்பகுதித் தொலைபேசிச் சேவையை நடத்தி வந்த பெல் அமைப்பு 1984இல் பிரிக்கப்பட்டபோது, ஏழு வட்டார நிறுவனங்கள் தோன்றின. நியூயார்க், நியூ இங்கிலாந்து பகுதிகளுக்கான நிறுவனத்தின் பெயர் நைனெக்ஸ். சாதாரண அழைப்புகளை மக்கள் தாங்களே சுழற்றிக் கொண்டனர். ஆனால் மறுமுனையில் உள்ளவரே பணம் கட்டும் அழைப்பு, கடன் அட்டையைப் போன்ற தொலைபேசி அட்டையின் கணக்கில் பேசும் அழைப்பு, மூன்றாம் ஒருவரின் எண்ணில் கட்டணம் எழுதும் அழைப்பு ஆகியவற்றை ஆபரேட்டர்கள் கவனித்தனர்.

அவர்கள் முன் ஒரு கணிப்பொறித் திரையும், சிறப்பு விசைகள் கொண்ட பலகையும் இருந்தன. இவ்விரண்டையும் இவற்றை இயக்கும் மென்பொருளையும் சேர்த்துப் ‘பணிநிலையம்’ என்று இக்கட்டுரையில் குறிப்பிடுவோம்.

ஓர் அழைப்பைக் கவனிக்க ஆபரேட்டருக்குச் சில வினாடிகளே ஆகும். அதை முடித்தவுடன் அடுத்தது. இவ்வாறு நாள் முழுவதும், ஆண்டு முழுவதும் அழைப்புகள் வந்தவண்ணம் இருக்கும். ஆகவே ஒவ்வோர் அழைப்பிலும் சராசரியாக ஒரே ஒரு வினாடி குறைந்தால், ஆண்டுக்கு 30 லட்சம் டாலர் மிச்சமாகும் என்று நைனெக்ஸ் கணக்கிட்டிருந்தது. ஒரு வினாடியின் விலை 30 லட்சம் டாலர்!

இந்நிலையில் ஒரு புதிய பணிநிலையம் விற்பனைக்கு வந்தது. பழையதில் எழுத்துகள் மட்டுமே தோன்றும். புதியதிலோ படக்குறிகள் உண்டு, திரை துல்லியமானது, தகவல்கள் விரைவாக வந்து சேரும். அடிக்கடி தேவைப்படும் விசைகள் அருகருகே அமைந்திருந்தன. பார்த்தவர்கள் அனைவரும், “இது பழையதைவிட வேகமானது” என்றே எண்ணினர். அவ்வாறு எண்ணுவது இயல்புதானே?

புதியவரும் வல்லுநரும்

இங்கே சற்று நின்று, வல்லுநர் என்பவர் யார் என்று பார்ப்போம்.

ஒரு மென்பொருளை முதன்முதலாகத் திறப்பவர் திரையில் தேடுவார், படிப்பார், யோசிப்பார், பிறகே தொடுவார். எனவே அவருக்குத் தெளிவான பெயர்களும் படங்களும் உதவும். பழகியவரோ தேடுவதில்லை. மிதிவண்டி ஓட்டுபவர் பிரேக் எங்கே என்று யோசிக்கிறாரா? அதுபோல வல்லுநரின் விரல்கள் தாமாகவே உரிய விசைக்குச் செல்கின்றன. ஆகவே புதியவருக்கு உதவும் மாற்றம் வல்லுநருக்கும் உதவும் என்று சொல்ல முடியாது.

வல்லுநரின் வேலையை வினாடிக் கணக்கில் அளக்க ஒரு வழி உண்டு. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் கார்டு, தாமஸ் மோரன் ஆகியோரும், கார்னெகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் நியூவெல்லும் 1980இல் அதை வெளியிட்டனர். கணிப்பொறியில் நாம் செய்யும் எந்த வேலையையும் சில அடிப்படைச் செயல்களாகப் பிரிக்கலாம் என்றும், ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய இவ்வளவு நேரம் ஆகும் என்றும் அவர்கள் சோதனை செய்து கண்டனர்.

நன்கு தட்டச்சு செய்பவர் ஒரு விசையைத் தட்ட 0.2 வினாடி.
கையை விசைப்பலகையிலிருந்து மவுசுக்குக் கொண்டு செல்ல 0.4 வினாடி.
மவுசை நகர்த்தித் திரையில் ஓர் இடத்தைச் சுட்ட 1.1 வினாடி.
மவுசின் பொத்தானை அழுத்தி விட 0.2 வினாடி.
அடுத்து என்ன செய்வது என்று மனம் ஆயத்தமாக 1.35 வினாடி.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். நீங்கள் ஒரு கட்டுரையைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறீர்கள். எழுதியதைச் சேமிக்க வேண்டும். மவுசைக் கொண்டு திரையில் உள்ள குறியை அழுத்தினால், கை போக 0.4, சுட்ட 1.1, அழுத்த 0.2, கை திரும்பி வர 0.4, ஆக 2.1 வினாடி. இதையே ‘கன்ட்ரோல்’ விசையுடன் ‘எஸ்’ விசையைச் சேர்த்துத் தட்டினால் 0.4 வினாடி போதும். மனம் ஆயத்தமாகும் நேரம் இரண்டுக்கும் பொது. எனவே அதை விட்டுவிட்டோம். வேறுபாடு 1.7 வினாடி.

1.7 வினாடி ஒரு பெரிய நேரமா என்று கேட்பீர்கள். ஒரு நாளில் 500 முறை இத்தகைய கட்டளை கொடுப்பவருக்கு அது 850 வினாடி. அதாவது 14 நிமிடத்திற்கு மேல்! பழகிய விசைச் சேர்க்கை ஒன்றைப் புதிய பதிப்பில் நீக்கிவிட்டால், வல்லுநர்கள் ஏன் கோபம் கொள்கிறார்கள் என்பது இப்போது புரிகிறதல்லவா?

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு குறை இருக்கிறது. ஒன்று முடிந்த பிறகே அடுத்தது தொடங்குகிறது என்று வைத்துக்கொண்டு, எல்லா நேரங்களையும் வரிசையாகக் கூட்டிவிட்டோம். தொலைபேசி ஆபரேட்டர் அப்படி வேலை செய்வதில்லை. அவர் காதால் கேட்டுக்கொண்டே கண்ணால் திரையைப் படிக்கிறார். வாயால் பேசிக்கொண்டே விரலால் விசையைத் தட்டுகிறார். பல வேலைகள் ஒரே நேரத்தில்! இங்கே வெறும் கூட்டல் பயன்படாது. வேறொரு கணக்கு வேண்டும். அதைக் கற்றுக்கொள்ள நம் வீட்டு அடுப்பங்கரைக்கே போகலாம்.

அடுப்பங்கரைக் கணக்கு

மதியச் சமையல் நடக்கிறது. சோறும் ஒரு பொரியலும் ஆக வேண்டும். உலை கொதிக்க 10 நிமிடம், அரிசி வேக 20 நிமிடம், கஞ்சி வடிக்க 5 நிமிடம். ஆக, சோற்றுக்கு 35 நிமிடம். இதற்கிடையே காய் நறுக்க 10 நிமிடம், பொரியல் செய்ய 12 நிமிடம். ஆக 22 நிமிடம். இரு வேலைகளும் பக்கத்துப் பக்கத்தில் நடக்கின்றன. சாப்பாடு எப்போது தயார்? 35 நிமிடத்தில். பொரியல் முன்னதாகவே முடிந்து 13 நிமிடம் காத்திருக்கிறது.

இப்போது நல்ல கூர்மையான கத்தி ஒன்று வாங்குகிறோம். காய் நறுக்கும் நேரத்தில் 4 நிமிடம் குறைகிறது. சாப்பாடு விரைவில் தயாராகுமா? ஆகாது! அதே 35 நிமிடந்தான். மிச்சமான 4 நிமிடமும் காத்திருக்கும் நேரத்தோடு சேர்ந்து போயிற்று.

கூடவே கஞ்சி வடிக்கப் புதுவிதத் தட்டு ஒன்றும் வாங்குகிறோம். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் வடிக்க 2 நிமிடம் கூடுதலாகிறது. இப்போது சாப்பாடு தயாராக 37 நிமிடம். கத்தியால் 4 நிமிடம் லாபம், தட்டால் 2 நிமிடம் நட்டம். ஆகவே நிகர லாபம் 2 நிமிடம் என்று கடைக்காரர் கணக்குச் சொல்லலாம். பசியோடு இருப்பவருக்கோ 2 நிமிடம் தாமதம்!

ஒரு வேலை எப்போது முடியும் என்பதை எந்தச் செயல் தொடர் தீர்மானிக்கிறதோ, அதைத் ‘தீர்மானிக்கும் பாதை’ எனலாம். நம் எடுத்துக்காட்டில் அது உலை, சோறு, வடித்தல் என்னும் தொடர். அப்பாதையில் ஒரு நிமிடம் கூடினால் முழு வேலையும் ஒரு நிமிடம் தள்ளிப் போகும். அதற்கு வெளியே உள்ள செயல்களுக்குக் கொஞ்சம் தளர்வு உண்டு. அங்கே மிச்சம் பிடிப்பதால் பயனில்லை. பெரிய ஆலைகளின் வேலைகளைத் திட்டமிடுவதற்காக, டூபாண்ட் நிறுவனமும் ரெமிங்டன் ராண்டு நிறுவனமும் இம்முறையை 1957 முதல் உருவாக்கின. பாலம் கட்டவும் அணை கட்டவும் பொறியாளர்கள் இன்றும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

சில மாதங்கள் நடக்கும் வேலைக்கு வகுத்த இந்த முறையைச் சில வினாடிகளே நடக்கும் தொலைபேசி வேலைக்குப் பொருத்திப் பார்த்தால் என்ன?

எர்னஸ்டீன் திட்டம்

இந்தக் கேள்வியை எழுப்பியவர்கள் நைனெக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த வேய்ன் கிரே, மைக்கேல் அட்வுட் ஆகியோரும், கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பானி ஜான் என்ற அம்மையாரும் ஆவர். பானி ஜான், நாம் மேலே கண்ட ஆலன் நியூவெல்லின் மாணவி. தங்கள் ஆய்வுக்கு ‘எர்னஸ்டீன் திட்டம்’ என்று பெயரிட்டனர். எர்னஸ்டீன் என்பது லிலி டாம்லின் என்ற நகைச்சுவை நடிகை அமெரிக்கத் தொலைக்காட்சியில் நடித்த ஒரு தொலைபேசி ஆபரேட்டரின் பெயர்!

அனுபவமுள்ள ஆபரேட்டர்கள் பழைய பணிநிலையத்தில் வேலை செய்வதை ஆய்வாளர்கள் வீடியோவில் பதிவு செய்தனர். பிறகு ஒவ்வொரு வகை அழைப்புக்கும் ஒரு வரைபடம் வரைந்தனர். அதில் கண்ணுக்கு ஒரு வரிசை, காதுக்கு ஒன்று, மனத்துக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று, கைகளுக்குத் தனி, கணிப்பொறிக்குத் தனி என்று பல வரிசைகள். ஒவ்வொரு சிறு செயலும் ஒரு பெட்டி. பெட்டிக்குள் அதன் நேரம். ஒரு சிறு முடிவை மனம் எடுக்க வினாடியில் இருபதில் ஒரு பங்கு என்னும் அளவுக்கு நுணுக்கமான கணக்கு அது. எது முடிந்த பின் எது தொடங்க முடியும் என்பதைக் கோடுகள் காட்டின. அக்கோடுகளைப் பின்பற்றிச் சென்றால் தீர்மானிக்கும் பாதை தெரிந்துவிடும்.

புதிய பணிநிலையத்துக்கும் இதே போன்ற வரைபடங்களை வரைந்தனர். இதற்கு யாரும் அதில் வேலை செய்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. உற்பத்தியாளர் கொடுத்த விவரக் குறிப்பே போதுமானதாக இருந்தது.

விடை எல்லோரையும் வியப்பில் ஆழ்த்தியது. புதியது வேகமானது அன்று. ஓர் அழைப்புக்குச் சராசரியாக 0.63 வினாடி தாமதமானது என்று வரைபடங்கள் கூறின!

காரணம் என்ன? ஒரு வகை அழைப்பை எடுத்துக்கொள்வோம். பழைய முறையில் அழைப்பின் தொடக்கத்திலேயே இரண்டு விசைகளைத் தட்ட வேண்டும். புதிய முறையில் அவை தேவையில்லை. ஆனால் தொடக்கத்தில் ஆபரேட்டர் என்ன செய்துகொண்டிருக்கிறார்? அழைத்தவருக்கு வணக்கம் கூறி, அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்திலேயே விரல்கள் அவ்விரு விசைகளையும் தட்டி முடித்துவிடும். அழைத்தவர் பேசி முடிக்கும் வரை ஆபரேட்டர் எப்படியும் காத்திருக்கத்தானே வேண்டும்? ஆகவே அந்த இரண்டு விசைகளை நீக்கியதால் ஒரு நொடிகூட மிச்சமாகவில்லை. நம் கூர்மையான கத்தியின் கதைதான்!

புதிய முறையில் சேர்க்கப்பட்ட ஒரு விசையோ அழைப்பின் இறுதியில் வந்தது. அப்போது பேச்சு முடிந்துவிட்டது. கேட்க எதுவும் இல்லை. அந்த விசையைப் பற்றி மனம் முடிவு செய்து, விரல் நகர்ந்து, தட்டி முடிக்கும் நேரம் முழுவதும் அப்படியே அழைப்பின் நேரத்தோடு கூடிவிட்டது. இது கஞ்சித் தட்டின் கதை. ஒரு விசையின் விலை, அது எத்தனையாவது விசை என்பதில் இல்லை. எந்த நேரத்தில் வருகிறது என்பதில் இருக்கிறது. நம் புதிருக்கு விடை கிடைத்துவிட்டது.

72,450 அழைப்புகள்

காகிதத்தில் போட்ட கணக்கு உண்மையில் சரியாக வருமா? நைனெக்ஸ் சோதித்துப் பார்த்தது. ஒரு குழுவினர் புதிய பணிநிலையத்திலும், மற்றொரு குழுவினர் பழையதிலும் உண்மையான வாடிக்கையாளர்களின் அழைப்புகளைக் கவனித்தனர். சோதனை நான்கு மாதங்கள் நடந்தது. 72,450 அழைப்புகளின் நேரங்கள் சேகரிக்கப்பட்டன.

முடிவு: புதிய பணிநிலையத்தில் ஓர் அழைப்புக்கு 0.65 வினாடி கூடுதலாயிற்று. கணக்கு சொன்னது 0.63; சோதனை காட்டியது 0.65. ஒரு வினாடிக்கு ஆண்டுக்கு 30 லட்சம் டாலர் என்றால், 0.65 வினாடிக்கு எவ்வளவு? பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 20 லட்சம் டாலர் வருகிறது. புதிய பணிநிலையத்தை வாங்கியிருந்தால் ஒவ்வோர் ஆண்டும் அவ்வளவு நட்டம்! நிறுவனம் அதை வாங்கவில்லை. ஆய்வின் முழு விவரங்கள் 1993இல் ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளிவந்தன.

உங்களுள் சிலர் ஒரு தடை எழுப்பலாம். “ஆபரேட்டர்கள் பழையதற்குப் பழகியவர்கள். புதியது கைக்கு வராததால்தான் தாமதம். கொஞ்ச நாள் போனால் சரியாகிவிடும்” என்று. நல்ல கேள்வி. சோதனையை நான்கு மாதங்கள் நடத்தியதன் பயன் இங்கேதான் தெரிகிறது. புதிய பணிநிலையத்தில் ஆபரேட்டர்களின் வேகம் முதல் மாதத்திற்குப் பின் நிலைபெற்றுவிட்டது. அதன் பிறகும் தாமதம் நீங்கவில்லை. ஆகவே பழக்கமின்மை காரணமன்று, அமைப்பே காரணம்.

இதில் பணத்தைவிடப் பெரிய செய்தி ஒன்று அடங்கியிருக்கிறது. வரைபடக் கணக்கு இல்லாமல் சோதனை மட்டும் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நவீன எந்திரம், வேகமான கணிப்பொறி, குறைவான விசைகள்; இருந்தும் வேலை தாமதம். பழியை யார் மீது போடுவார்கள்? “ஆபரேட்டர்கள் மாற்றத்தை விரும்பாதவர்கள், சோம்பேறிகள்” என்றுதான் சொல்லியிருப்பார்கள். கணக்கு, தாமதம் எங்கே ஏற்படுகிறது என்பதை விசை விசையாகக் காட்டியது. குற்றம் மனிதரிடம் இல்லை என்பதை நிரூபித்தது. அறிவியல், உழைப்பவருக்காகச் சாட்சி சொன்ன நிகழ்ச்சி இது.

கணக்கின் எல்லை

ஆனாலும் இம்முறை எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. நன்கு பழகிய ஒருவர், பழகிய வேலையைப் பிழையின்றிச் செய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்பதை மட்டுமே இது கூறும். புதியவர் கற்றுக்கொள்ள எத்தனை நாள் ஆகும்? களைப்பில் எத்தனை பிழைகள் நேரும்? நாள் முழுதும் அதன் முன் அமர்ந்தால் கழுத்தும் கண்ணும் வலிக்குமா? இக்கேள்விகளுக்கு வேறு சோதனைகள் வேண்டும்.

மேலும், பழையதே எப்போதும் நல்லது என்பதும் இதன் பாடம் அன்று. தாமதம் எந்த இடத்தில் ஏற்படுகிறது என்று தெரிந்துவிட்டால், புதிய அமைப்பில் அந்த இடத்தை மட்டும் திருத்தலாம். அதைத் தயாரிக்கும் முன்பே, காகிதத்திலேயே திருத்திப் பார்க்கலாம் என்பதையும் அவ்வாய்வாளர்கள் செய்து காட்டினர். கட்டிய பின் இடிப்பதைவிட, வரைந்த பின் அழிப்பது எளிது அல்லவா?

இன்று மருத்துவமனையிலும், ரயில் முன்பதிவு நிலையத்திலும், விமானக் கட்டுப்பாட்டு அறையிலும் வல்லுநர்கள் சிக்கலான மென்பொருள்களை இயக்குகிறார்கள். அவர்களுடைய திரையை மாற்றி அமைக்க விரும்புபவர் “எத்தனை பொத்தான்களைக் குறைத்தேன்” என்று மட்டும் எண்ணினால் போதாது. “அந்த வல்லுநரின் கண்ணும் காதும் கையும் அந்த நொடியில் என்ன செய்துகொண்டிருக்கின்றன?” என்று கேட்க வேண்டும். அதற்கு அவர் பக்கத்தில் அமர்ந்து, பொறுமையாக வேடிக்கை பார்க்க வேண்டும்.

செய்து பாருங்கள்

நீங்களும் இப்படி ஓர் ஆய்வு செய்யலாம். உங்கள் வீட்டில் காலையில் தேநீர் போடுபவரைக் கவனியுங்கள். ஒரு தாளில் அடுப்புக்கு ஒரு வரிசை, கைகளுக்கு ஒரு வரிசை வரைந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு செயலுக்கும் ஆகும் நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறியுங்கள். எது முடிந்த பின் எது தொடங்குகிறது என்று கோடு போடுங்கள். தீர்மானிக்கும் பாதை எது? சர்க்கரை டப்பாவை அருகில் வைத்தால் தேநீர் முன்னதாகக் கிடைக்குமா?

விடையைக் கணக்கிட்டு எழுதி வைத்துவிட்டு, மறுநாள் டப்பாவை இடம் மாற்றிச் சோதித்துப் பாருங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: மாற்றி வைக்கும் முன், தேநீர் போடுபவரிடம் அனுமதி கேளுங்கள். அந்த அடுப்பங்கரையில் வல்லுநர் அவர்தாம்!